நிலக்கரியை எண்ணெயாக்கிய வரலாறு

கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவோர், தாச்சியை அடுப்பினின்றும் இறக்கும் பதத்தைக் கண்ணாலும் கையாலும் அறிவர். பதத்துக்கு முன் இறக்கினாற் பாகு இறுகாது. பதங் கடந்தாற் கருகிவிடும். அப்பதத்தின் காரணம் யாதென வினாவினால், அவர் விடை கூறுதல் அரிது. செய்கை முந்தியும் அதன் காரணம் பற்றிய அறிவு பிந்தியும் தோன்றுதல் கைத்தொழில் வரலாற்றிற் பலகாலுங் காணப்படுவதொன்று. நிலக்கரியைத் திரவ எரிபொருளாக மாற்றிய முயற்சியின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இம்மாற்றம் ஒரு போட்டியிலே தங்கியுள்ளது. வெப்பத்தால் உடையும் நிலக்கரியின் மூலக்கூற்றுத் துண்டங்கள் ஐதரசனைப் பெற்று எண்ணெயாகலாம். அன்றித் தம்முட் கூடிக் கற்கரியாகலாம். இவ்விரண்டில் எது நிகழும் என்பதைத் தாக்கங்களின் வீதமே தீர்மானிக்கின்றது. இப்போட்டியிற் கற்கரியை வென்று எண்ணெயைப் பெறும் வழியை யேர்மானிய இரசாயனர் 1913 ஆம் ஆண்டு தொடக்கம் 1927 ஆம் ஆண்டு வரையுள்ள காலத்திற் கண்டனர். அதன் விதியை அறிஞர் அளந்து தெளிந்ததோ 1950 ஆம் ஆண்டின் பின்னராகும். இடைப்பட்ட காலத்திலே ஒரு பெரும் போர் இக்கைத்தொழிலைத் தனக்குரிய கருவியாக்கிக் கொண்டது. ஆதலால் இவ்வரலாறு இரசாயனவியலுக்கு மட்டும் உரியதன்று.

நிலக்கரியின் இயல்பு

பண்டைக் காலத்துச் சதுப்பு நிலங்களில் மடிந்த தாவரங்கள் மண்ணுட் புதைந்து, பல கோடி ஆண்டுகளாக வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறுற்று நிலக்கரியாயின. அதனை ஒரு தனிச் சேர்வை என்று கூறுதல் பொருந்தாது. காபன் வளையங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டங்களும், அக்கூட்டங்களைத் தொடுக்கும் மெல்லிய பாலங்களும் கொண்ட மிகப் பெரிய மூலக்கூற்று வலை அது. எரிபொருளாகப் பயன்படும் பெற்றோலிலே ஒரு காபன் அணுவுக்கு ஏறத்தாழ இரண்டு ஐதரசன் அணுக்கள் உள. கொழுப்பு நிலக்கரியிலோ ஒரு காபன் அணுவுக்கு ஒன்றுக்குங் குறைவான ஐதரசனே உண்டு. ஆகவே நிலக்கரி எண்ணெயாதல் வேண்டின், வலை உடைதல் வேண்டும். உடைந்த பகுதிகளுக்கு ஐதரசன் கிடைத்தலும் வேண்டும்.

காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சூடாக்கினால், 350 முதல் 400 பாகை சதமவளவை வரையில் அதன் பாலங்கள் உடையத் தொடங்குகின்றன. வாயுவும் தாரும் வெளியேற, எஞ்சிய பகுதி கற்கரியாக இறுகுகின்றது. இதுவே வெப்பப் பகுப்பு எனப்படும். இத்தொழில் பழையது. இங்கிலாந்திலே ஏபிரகாம் டார்பி என்பார் 1709 ஆம் ஆண்டிற் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். 1792 ஆம் ஆண்டில் வில்லியம் மேடொக் நிலக்கரி வாயுவாலே தம் இல்லத்துக்கு விளக்கேற்றினார். 1812 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகருக்கு வாயு வழங்கும் கம்பனி நிறுவப்பட்டது. வாயுவோடு வந்த தார் நெடுங்காலம் பெரும்பாலுங் கழிவாகவே கருதப்பட்டது. 1856 ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் என்னும் மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தமை, அக்கழிவைச் செல்வமாக்கிற்று.

ஆயினும் கற்கரி உலையிலிருந்து கிடைக்கும் தார், இட்ட நிலக்கரியில் நூற்றுக்குச் சில பங்கே. பெரும்பகுதி திண்மமாகவே எஞ்சியது. 1869 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இரசாயனரான பெர்த்தலோ, ஐதரயடிக்கமிலத்தோடு நிலக்கரியை மூடிய குழாயிற் சூடாக்கி எண்ணெய் போன்ற பொருளைப் பெற்றார். நிலக்கரியைத் திரவமாக்கலாம் என்பதை அது காட்டிற்று. கைத்தொழிலுக்கு ஏற்ற முறையாக அது அமையவில்லை.

தாக்கவீதம் பற்றிய கல்வி

அதே நூற்றாண்டில் இரசாயனத் தாக்கங்களின் வேகத்தை அளக்குங் கல்வியும் தோன்றிற்று. 1850 ஆம் ஆண்டில் வில்கெல்மி என்பார் வெல்லக் கரைசல் அமிலத்தால் மாறுறும் வேகத்தை அளந்தார். எஞ்சியிருக்கும் வெல்லத்தின் அளவுக்கு ஏற்பவே வேகமும் அமைகின்றது என்று அவர் கண்டார். இவ்வகையானது முதலாம் வரிசைத் தாக்கம் எனப்படும். 1884 ஆம் ஆண்டில் வன்ற் கொவ் இக்கல்வியை ஒழுங்குபடுத்தினார். 1889 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு அறீனியசு, வெப்பநிலையால் வீதம் விரைந்து உயருதற்குக் காரணங் கூறினார். மூலக்கூறுகள் தாக்கமுறுவதற்கு ஒரு தடையைக் கடத்தல் வேண்டும். அத்தடையே ஏவற் சக்தி. வெப்பநிலை ஏறுந்தோறும் அதனைக் கடக்கவல்ல மூலக்கூறுகளின் தொகை பெருகுகின்றது.

இவ்விதியின் வலிமையை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு பிணைப்பு உடைதற்கு வேண்டிய ஏவற் சக்தி மூலொன்றுக்கு 50 கிலோகலோரி எனக் கொள்க. வெப்பநிலை 400 பாகையிலிருந்து 450 பாகைக்கு உயரின், அப்பிணைப்பு உடையும் வீதம் ஏறத்தாழ 13 மடங்காகும். அடுப்பை ஐம்பது பாகை மிகுதியாகச் சூடாக்குதல் சிறிய மாற்றம் போலத் தோன்றினும், மணித்தியாலங்களுக்குரிய வேலை நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் வெப்பம் உடைதலை மட்டும் விரைவுபடுத்துவதில்லை. உடைந்த துண்டங்கள் ஒன்றோடொன்று கூடிக் கற்கரியாதலையும் விரைவுபடுத்துகின்றது. எனவே வெப்பத்தை மட்டும் கூட்டி எண்ணெயைப் பெருக்குதல் இயலாது.

பேர்கியசின் பரிசோதனை

இப்போட்டியிலே முதன்முதல் வெற்றி கண்டவர் பிறீட்றிக் பேர்கியசு ஆவார். 1884 ஆம் ஆண்டிற் பிறெசுலவு நகருக்கு அண்மையிற் பிறந்த இவரின் தந்தையார் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் உடைமையாளர். இளம் பேர்கியசு பேர்லினில் நேர்ண்சற்றிடமும் காள்சுறூவில் ஏபரிடமும் ஆராய்ச்சி பயின்றார். உயர் அமுக்கத்திலே தாக்கங்களை நிகழ்த்தும் கலையை அங்கு அறிந்தபின், அனோவர் நகரில் தமது ஆய்வுகூடத்தை அமைத்துக்கொண்டார்.

அவர் முதலில் எண்ணெயை நாடிச் செல்லவில்லை. நிலக்கரி இயற்கையில் எவ்வாறு உண்டாயிற்று என்பதே அவருடைய வினா. மரத்தின் முதன்மைப் பொருளான செலுலோசையும் முற்றா நிலக்கரியையும் நீரோடு சேர்த்து உயர் அமுக்கத்திற் சூடாக்கி, நிலக்கரியை ஒத்த பொருளை அவர் செயற்கையாக ஆக்கினார். இயற்கை பல கோடி ஆண்டிற் செய்ததை வெப்பநிலையை உயர்த்திச் சின்னாளிற் செய்து காட்டியமை, தாக்கவீதம் பற்றிய அறிவின் பயனேயாகும். பின்னர் அச்செயற்கை நிலக்கரியை ஐதரசன் வாயுவோடு 100 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஏறத்தாழ 400 பாகைக்குச் சூடாக்கியபோது, அதன் பெரும்பகுதி திரவமாகவும் கரையத்தக்க பொருளாகவும் மாறிற்று. 1913 ஆம் ஆண்டில் அவர் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற முனைந்தார்.

ஆய்வுகூடத்துச் சிறு கலத்தில் நிகழ்ந்ததைத் தொழிற்சாலையில் நிகழ்த்துதல் எளிதாயிருக்கவில்லை. மன்னைம் நகருக்கு அண்மையிலுள்ள றைனவு என்னும் இடத்தில் முதலாம் உலகப் போர்க்காலத்திலே பரிசோதனைச் சாலை ஒன்று எழுந்தது. திண்மமான நிலக்கரியை உயர் அமுக்கக் கலத்துள் இடையறாது செலுத்துதல் முதலாவது இடர். பேர்கியசு அதனை மாவாக அரைத்துப் பார எண்ணெயிற் குழைத்துக் குழம்பாக்கிப் பம்பியாற் செலுத்தினார். கந்தகத்தை அகற்றும் நோக்கோடு இரும்பொட்சைட்டையும் அதனுடன் சேர்த்தார். எண்ணெயைச் செலுத்துதற்கு உதவும் ஊடகமாகவும், இரும்பொட்சைட்டைத் துப்புரவு செய்யும் பொருளாகவுமே அவர் கருதினார். அவ்விரண்டும் தாக்கத்திலே வகித்த பெரும் பங்கு பிற்காலத்திலேதான் விளங்கிற்று.

லொயினாத் தொழிற்சாலை

செலவுப் பெருக்கத்தைத் தாங்கவியலாது பேர்கியசு தம் உரிமைகளை விற்க நேர்ந்தது. 1925 ஆம் ஆண்டில் அவை பாடிசு அனிலின் கம்பனியின் கைக்கு வந்தன. அவ்வாண்டு இறுதியில் அக்கம்பனி வேறு சில கம்பனிகளோடு இணைந்து ஐ. ஜி. பார்பன் என்னும் பெருநிறுவனமாயிற்று. அதன் தலைவரான கார்ல் பொசு, ஏபரின் அமோனியா முறையை 1913 ஆம் ஆண்டில் ஒப்பவுவிலே கைத்தொழிலாக்கிப் புகழ் பெற்றவர். உயர் அமுக்கக் கலங்களை ஆக்கும் அறிவும் ஊக்கிகளைத் தேரும் அனுபவமும் அவர் குழுவினரிடம் நிரம்ப இருந்தன.

அக்குழுவில் மத்தியாசு பியர் என்பாரின் பணி தனித்துக் கூறத்தக்கது. உலோக ஊக்கிகள் கந்தகத்தால் நஞ்சூட்டப்பட்டுச் செயலிழத்தல் அறிஞர் யாவரும் அறிந்ததொன்று. நிலக்கரியிலோ கந்தகம் இல்லாதிருத்தல் அரிது. பியர், மொலித்தனம், தங்குதன் ஆகியவற்றின் சல்பைட்டுக்கள் கந்தகத்துக்கு அஞ்சாது செயலாற்றுதலைக் கண்டார். அவர் முறையை இரண்டாகவும் பிரித்தார். முதற் படியில் நிலக்கரிக் குழம்பு பார எண்ணெயாகின்றது. இரண்டாம் படியில் அவ்வெண்ணெய் ஆவியாகி ஊக்கியின் மேற் சென்று பெற்றோலாகின்றது. வெவ்வேறு வேகத்தில் நிகழும் இரு தாக்கங்களுக்கு அவ்வவற்றுக்கு ஏற்ற வெப்பநிலையும் நேரமும் கொடுத்தல் இப்பிரிவினையின் பயன்.

1927 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் லொயினாவிலே பழுப்பு நிலக்கரியிலிருந்து பெற்றோல் ஆக்கும் பெருந் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. 1931 ஆம் ஆண்டில் உயர் அமுக்க முறைகளுக்காகப் பொசுவுக்கும் பேர்கியசுக்கும் இரசாயனத்துக்குரிய நோபெற் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. இதே காலத்தில் மியூல்கைம் நகரிலே பிரான்சு பிசரும் அன்சு துறொப்சும் வேறொரு வழியை அமைத்தனர். அவர்கள் நிலக்கரியை முதலில் முற்றாகக் காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக உடைத்து, அவ்வாயுக்களை ஊக்கியின் மேற் செலுத்தி எண்ணெயாக்கினர். முன்னையது நேர்வழி; பின்னையது சுற்றுவழி.

பரிசு கிடைத்த வேளையிலே தொழிலின் நிலை தாழ்ந்திருந்தது. 1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்கு தெக்சாசிற் பெரும் எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தோடு அதுவும் சேர, எண்ணெய் விலை வீழ்ந்தது. லொயினாப் பெற்றோலை ஆக்குஞ் செலவு, இறக்குமதிப் பெற்றோலின் விலையினும் பன்மடங்கு மிகுந்தது. வாணிக நோக்கிற் பார்ப்பின் அத்தொழிற்சாலையை மூடுதலே தக்கதாய்த் தோன்றிற்று.

போரும் பழியும்

அதனைக் காத்தது அரசியல். 1933 ஆம் ஆண்டு திசெம்பரில், அவ்வாண்டு ஆட்சிக்கு வந்த நாசி அரசு ஐ. ஜி. பார்பனோடு உடன்படிக்கை செய்தது. லொயினாவின் உற்பத்தியை ஆண்டுக்கு 350,000 தொன்னாக உயர்த்தக் கம்பனி உடன்பட்டது. விலைக்கு அரசு பொறுப்பேற்றது. 1936 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நான்காண்டுத் திட்டம் இத்தொழிலைப் போர் ஆயத்தத்தின் அங்கமாக்கிற்று. தன் மண்ணில் எண்ணெய் குறைந்த நாடு ஒன்று நெடும் போரைத் தொடங்கத் துணிந்தமைக்கு இத்தொழிற்சாலைகளும் காரணமாயின. விமானங்களுக்கு வேண்டிய பெற்றோலின் மிகப் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வந்தது.

அறிவின் மேன்மையும் ஆட்சியின் கொடுமையும் அருகருகே நின்ற காலம் அது. அமோனியா முறையின் தந்தையும் பேர்கியசின் ஆசானுமான ஏபர், யூத மரபினர் என்னுங் காரணத்தால் 1933 ஆம் ஆண்டிற் பதவி துறந்து நாட்டை விட்டகன்று, 1934 ஆம் ஆண்டிற் பாசல் நகரிலே உயிர் நீத்தார். 1941 ஆம் ஆண்டில் ஐ. ஜி. பார்பன், செயற்கை இறப்பரும் எண்ணெயும் ஆக்குதற்கான சாலையைப் போலந்தின் ஓசுவிற்சுக்கு அண்மையிலே தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அதன் அருகே மொனொவிற்சுச் சிறை முகாம் எழுந்தது. அம்முகாமிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்ட கைதிகள் பல்லாயிரவர் பசியாலும் மிகையுழைப்பாலும் கொலையாலும் மாண்டனர். உயிர் பிழைத்தோருள் இத்தாலிய இரசாயனரான பிறிமோ லேவியும் ஒருவர். அச்சாலையிலிருந்து செயற்கை இறப்பர் ஒருபோதும் வெளிவரவில்லை.

1944 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் அமெரிக்க விமானப்படை லொயினா முதலிய தொழிற்சாலைகளைத் தாக்கிற்று. போருக்குப் பின் அமெரிக்கர் நடத்திய ஆய்வின்படி, செயற்கை எண்ணெய்ச் சாலைகளிலிருந்து ஏப்பிரில் மாதத்திற் கிடைத்த விமானப் பெற்றோல் 175,000 தொன். யூலையில் அது 30,000 தொன்னாயிற்று. செத்தெம்பரில் 5,000 தொன்னாகச் சுருங்கிற்று. லொயினா மட்டும் 22 முறை தாக்கப்பட்டது. நியூரம்பேர்க்கில் 1947, 1948 ஆம் ஆண்டுகளில் நடந்த வழக்கிலே ஐ. ஜி. பார்பன் தலைவர்கள் 13 பேர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். பேர்கியசு போருக்குப் பின் தாய்நாட்டை விட்டு நீங்கி, 1949 ஆம் ஆண்டில் ஆர்சென்றீனாவிலே காலமானார்.

வீதத்தை அளந்தோர்

யேர்மனியின் ஆவணங்கள் வெற்றி பெற்றோர் கையிற் சேர்ந்தன. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் மிசூரி மாநிலத்திலே 1949 ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனைச் சாலையைத் திறந்தது. மலிந்த கனிய எண்ணெயோடு அது போட்டியிட இயலாமையால் 1953 ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் அதனோடு தொடர்புற்ற ஆராய்ச்சி வீண்போகவில்லை. 1951 ஆம் ஆண்டில் அப்பணியகத்து ஆராய்ச்சியாளரான வெல்லர், பெலிபெற்சு, பிறீட்மன் ஆகியோர் நிலக்கரி ஐதரசனேறும் வேகத்தை அளந்து வெளியிட்டனர். நிலக்கரி முதலில் அசுபால்தீன் என்னும் கனத்த இடைப்பொருளாகி, அவ்விடைப்பொருள் பின்னர் எண்ணெயாகின்றது என்றும், இரு படிகளையும் தொடர்ந்து நிகழும் முதலாம் வரிசைத் தாக்கங்களாகக் கொள்ளலாம் என்றும் அவர்கள் காட்டினர். வில்கெல்மி வெல்லக் கரைசலிற் கண்ட விதி, நூறாண்டின் பின் நிலக்கரியிலும் பயன்பட்டது.

ஒல்லாந்தில் வன் கிறெவலன் என்னும் அறிஞர் கற்கரி உண்டாகும் முறையை இவ்வாறே படிகளாக வகுத்தார். நிலக்கரி சூடேறும்போது முதலில் இளகிய நிலையை அடைகின்றது. அவ்விளகிய பொருளே பின்னர் உடைந்து தாரையும் கற்கரியையும் தருகின்றது. 1957 ஆம் ஆண்டில் அவரும் செர்மினும் வெளியிட்ட இக்கொள்கை, இளகிய நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் கணக்கிட உதவிற்று.

ஆயினும் ஓர் ஐயம் நீங்காதிருந்தது. வெப்பப் பகுப்பின் ஏவற் சக்தியை அளந்த பலரும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட பெறுமானங்களைக் கூறினர். அவற்றுட் சில, காபன் பிணைப்பொன்று உடைதற்கு வேண்டியதிலும் மிகக் குறைந்தவை. நிலக்கரியை ஒரே வெப்பநிலையில் வைத்திருந்தால், வாயு முதலில் விரைந்து வெளியேறிப் பின் ஓய்ந்ததுபோல் நின்றது. வெப்பநிலையை உயர்த்தினால் மீண்டும் வெளியேறிற்று. 1962 ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் பிற் என்பார் இதற்கு விளக்கங் கண்டார். நிலக்கரியில் உள்ள பிணைப்புக்கள் யாவும் ஒரே வலிமையுடையன அல்ல. ஒவ்வொரு வகையும் தனக்குரிய ஏவற் சக்தியோடு தனித்தனியே உடைகின்றது. மெலிந்தவை முதலில் தீர்ந்துபோக, வலியவை அவ்வெப்பநிலையில் அசையாது நிற்கின்றன. இத்தொகுதியை ஒரே தாக்கமாக எண்ணிக் கணக்கிட்டோர் பொய்யான சிறு பெறுமானத்தைப் பெற்றனர். ஏவற் சக்திகளின் பரம்பலைக் கொண்டு கணக்கிடும் இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

சூடாக்கும் வேகமும் முதன்மை பெற்றது. 1970 ஆம் ஆண்டிற் பட்சியொக்கு, ஓக்சிலி ஆகிய இருவர், நிலக்கரித் தூளை வினாடிக்குப் பல்லாயிரம் பாகை வேகத்திற் சூடாக்கினர். மூசையில் மெல்லச் சூடாக்கும் வழமையான சோதனை காட்டும் அளவிலும் மிகுதியான பகுதி ஆவியாயிற்று. மெல்லச் சூடாகும் கட்டியில், உடைந்த துண்டங்கள் வெளியேறுமுன் ஒன்றோடொன்று கூடிக் கற்கரியாகின்றன. தூள் நிலையில் விரைந்து சூடாகும்போது அவை தப்பிச் செல்கின்றன.

திரவமாக்கலின் உட்பொருளை 1967 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கரன், இசுற்றக்கு, கோரின் ஆகியோர் தெளிவுபடுத்தினர். வெப்பத்தால் உடைந்த துண்டங்கள் சுயாதீன மூலிகங்களாகின்றன. அவை ஒரு கணமும் தனித்திருக்கமாட்டாதவை. தம்மைச் சூழ்ந்துள்ள கரைப்பான் ஐதரசனைக் கொடுப்பின், அதனை ஏற்று அமைதியுறுகின்றன. தெத்திரலின் என்னும் எண்ணெய் இவ்வாறு கொடுக்கவல்லது. யேர்மனியிற் பொற், புறொக்கே ஆகிய இருவர் இதனைக் காரணம் முற்றும் விளங்காமலே 1930 ஆம் ஆண்டை அடுத்துப் பயன்படுத்தியிருந்தனர்.

இவ்விளக்கத்தின் ஒளியில் பேர்கியசின் பழைய செய்கைகள் புதுப் பொருள் பெறுகின்றன. குழம்பாக்கச் சேர்த்த பார எண்ணெய், துண்டங்களுக்கு ஐதரசனை ஊட்டிற்று. உயர் அமுக்கம், வாயுவாயிருந்த ஐதரசனை எண்ணெயிற் கரைத்து, இழந்த எண்ணெய்க்கு அதனை மீண்டும் அளித்தது. கந்தகத்தை நீக்கவெனச் சேர்த்த இரும்பொட்சைட்டோ, கந்தகத்தோடு கூடி இரும்புச் சல்பைட்டாகித் தானே ஊக்கியாயிற்று. அவர் பதம் அறிந்திருந்தார். பதத்தின் காரணம் அரை நூற்றாண்டின் பின் தெளிவாயிற்று.

பிற்கால நிலையும் படிப்பினையும்

போருக்குப் பின் இத்தொழில் நிலைத்த இடங்களும் அரசியலின் சாயல் படிந்தவையே. தென்னாபிரிக்கா 1955 ஆம் ஆண்டிற் சுற்றுவழியால் எண்ணெய் ஆக்கத் தொடங்கிற்று. இனவொதுக்கற் கொள்கையால் உலக நாடுகள் எண்ணெய் தர மறுத்த காலத்தில், 1980 ஆம் ஆண்டிலும் 1982 ஆம் ஆண்டிலும் செக்குண்டாவிலே மேலும் இரு சாலைகளை அது இயக்கிற்று. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவிலே நேர்வழி ஆராய்ச்சியைத் தூண்டிற்று. விலை வீழ்ந்ததும் அது தளர்ந்தது. 2008 ஆம் ஆண்டு இறுதியிற் சீனா, உள் மொங்கோலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் ஆக்கவல்ல நேர்வழிச் சாலையை இயக்கத் தொடங்கிற்று. நிலக்கரியிலிருந்து பெறும் எண்ணெய், கனிய எண்ணெயினும் ஏறத்தாழ இரு மடங்கு காபனீரொட்சைட்டை வளியிற் சேர்ப்பது. புவி வெப்பமுறும் இக்காலத்தில் அக்குறை சிறியதன்று.

ஆயினும் இவ்வரலாற்றில் விளைந்த அறிவு நிலக்கரியோடு முடியவில்லை. உமி, மரத்தூள் முதலிய தாவரக் கழிவுகளை வெப்பத்தாற் பகுத்து எண்ணெயும் வாயுவும் பெற முயல்வோர், பிற் வகுத்த பரம்பல் முறையையே தம் கணக்குக்கும் துணைக்கொள்கின்றனர்.

செய்கைக்குப் பின் அதன் காரணம் பற்றிய அறிவு வரக் காலம் எடுத்தது போலவே, பொறுப்புணர்ச்சி வரவும் காலம் எடுத்தது. கற்கரியாகாது எண்ணெயாக்கும் வழியைத் தேடிய அறிஞர், அவ்வெண்ணெய் எவருக்கு, எதற்கு, எவருடைய உழைப்பால் என்னும் வினாக்களைப் பிந்தியே எதிர்நோக்கினர். சிலர் எதிர்நோக்காமலே விட்டனர். அவ்வினாக்களை ஆய்வுகூடத்திற் கால்வைக்கும் முதல் நாளிலேயே வினாவப் பழகுதல், விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு இவ்வரலாறு விட்டுச் செல்லும் கடமையாகும்.